எட்டாவது பாலமும் இருபத்து நான்காம் பாடமும்

வளைநாட்டில் குடிமக்கள் ஏராளமாக இருந்தார்கள். தாங்கள் குடிமக்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. மீன் பிடித்தவர்கள் தங்களை மீன் பிடிப்பவர்கள் என்றும், பானை வனைந்தவர்கள் பானை வனைபவர்கள் என்றும் நினைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்து வந்தார்கள். ஒரு பிறந்தநாள் ஊர்வலத்தின்போது அரசர் பல்லக்கை நிறுத்தி, கூடையோடு நின்ற ஒரு பெண்ணிடம், "நீ யார்?" என்று கேட்டார்.

"கத்தரிக்காக்காரி சாமி."

"அது இல்லை. இந்த நாட்டுக்கு நீ யார்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இந்த நாட்டுக்கும் கத்தரிக்காதான் சாமி குடுக்கறேன்."

அரசரின் மனம் உடைந்துவிட்டது. வளர்ந்தோர் அனைவரும் வாரத்தில் மூன்று நாள், பிற்பகல் நான்கு மணிக்கு, பண்பாடு, அரசியல், குடிமை ஆகிய மூன்றையும் கற்க வேண்டும் என்று அன்றே ஆணை பிறந்தது. வகுப்புகள் மூன்று நாளில் தொடங்கிவிட வேண்டும் என்றும் அதில் ஒரு வரி இருந்தது.

மூன்று நாளில் கொட்டகை போடலாம், ஆசான்களையும் பிடித்துவிடலாம். புத்தகம் எழுத முடியாது. குடிமைக் கல்வி அமைச்சர் வெண்சாமரனார் அரண்மனை முழுக்கத் தேடினார். கடைசியில் அது அரசரின் காலடியிலேயே கிடைத்தது. கருங்கல் அரியணையின் நான்கு கால்களில் ஒன்று இரண்டு விரற்கடை குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்து, அரசரின் பாட்டனார் காலத்திலிருந்தே ஒரு தடித்த புத்தகம் செருகப்பட்டிருந்தது. நான்கு வீரர்கள் பிடித்து இழுத்ததில் புத்தகம் வந்துவிட்டது. அட்டை மட்டும் கிழிந்து அடியிலேயே தங்கிவிட்டது. அரியணையின் கால் அந்த அட்டையின்மேல் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அட்டையை வைத்து யாரும் பாடம் நடத்துவதில்லை என்பதால் அமைச்சர் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் பக்கத்தில், "இந்நாட்டின் பண்பாடு, அரசியல், குடிமை: இருபத்து நான்கு பாடங்கள்" என்று இருந்தது. இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்?

எழுத்தர்கள் இரவு பகலாக ஐம்பது பிரதிகள் எடுத்தார்கள். எழுத்தர்கள் எழுத்தைப் பார்ப்பவர்கள். அர்த்தத்தைப் பார்ப்பது வேறு துறை. அரசர் ஐம்பதிலும் முத்திரை வைத்தார். அன்றிலிருந்து அவர் அரியணையில் ஒருபக்கம் சாய்ந்தே வீற்றிருந்தார். அமைச்சர்களும் மரியாதை கருதித் தலையை அதே அளவு சாய்த்துப் பேசிப் பழகிக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே அளவு சாய்ந்தால் அவையில் யாரும் கோணலாகத் தெரிவதில்லை.

ஐம்பது வகுப்புகளில் ஒன்று சந்தைக் கொட்டகையில் நடந்தது. முப்பத்தொரு பேர் படித்தார்கள். அவர்களில் ஒருத்தி சிட்டம்மா.

சிட்டம்மா எட்டாவது பாலத்தைத் தூக்கி இறக்குகிறவள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுழியாறு வளைநாட்டை ஒரு வளையல்போலச் சுற்றி ஓடுகிறது. அதன்மேல் எட்டுப் பாலங்கள். ஏழு பாலங்கள் கல்லால் ஆனவை, அசையாதவை. அரண்மனைத் தோட்டத்தில் ஆற்றுக் கால்வாயின்மேல் இருப்பதும் அவற்றில் ஒன்று. எட்டாவது மரப்பாலம், அக்கரைப்பேட்டைக்குப் போவது. உயரமான பாய்மரத்தோடு உப்புப் படகுகள் வரும்போது அதைத் தூக்கி வழிவிட வேண்டும். அவ்வளவு பெரிய பாலத்தை ஒரு பெண் எப்படித் தூக்குவாள்? வடத்தின் ஒரு முனையில் பாலம். மறுமுனையில் கல் நிறைந்த ஒரு பெட்டி. இரண்டும் சம எடை. அப்படி இருந்துவிட்டால் சக்கரத்தை ஒற்றைக் கையால் சுற்றலாம். மறுகையால் முறுக்குத் தின்னலாம். சிட்டம்மா இரண்டையும் செய்வாள். மழை நாளில் மரம் நனைந்து கனம் கூடும். அன்று பெட்டியில் இரண்டு கல் சேர்ப்பாள். வெயில் காயும்போது எடுத்துவிடுவாள். இருபது வருடம் இதையே செய்து செய்து, வண்டியோ மாடோ மனிதரோ, எதைப் பார்த்தாலும் இத்தனை கிலோ என்று சொல்லிவிடும் கண் அவளுக்கு வாய்த்திருந்தது.

சந்தைக் கொட்டகை வகுப்புக்கு வாய்த்த ஆசான் ஆதிமூலம் அதற்கு முன்பு தண்டோரா போட்டுக்கொண்டிருந்தவர். பாடத்தையும் அப்படியேதான் நடத்தினார். ஒரு வரியை உரக்கப் படிப்பார். எல்லோரும் திருப்பிச் சொல்வார்கள். அது புரிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போவார். நான்காம் பாடத்தில் அவர், "இந்நாட்டின் ஆற்றின்மேல் ஏழு பாலங்கள் உள்ளன" என்று முழங்கினார்.

சிட்டம்மா கையைத் தூக்கினாள். "ஐயா, எட்டு."

"என்ன எட்டு?"

"பாலம் எட்டு இருக்குங்கய்யா. எட்டாவதுலதான் நான் வேலை பாக்கறேன். இப்பக்கூட அதுமேலதான் நடந்து வந்தேன்."

"புத்தகத்துல ஏழுன்னு போட்டிருக்கே, அம்மா."

"அப்ப அதுல ஒண்ணு விட்டுப்போச்சு போலிருக்கு. ஓரத்துல எழுதிக்குங்க."

அவள் அதை உதவியாகத்தான் சொன்னாள். ஆசானும் அதை உதவியாகத்தான் அமைச்சருக்கு எழுதி அனுப்பினார். அமைச்சர் தலையைச் சாய்த்து நெடுநேரம் சிந்தித்தார்.

"அரசர் முத்திரையிட்ட நூலில் பிழை இருக்க இயலுமா?" என்று அவையில் கேட்டார். "பிழை இருந்தால் அது முத்திரையின் பிழையாகும். முத்திரை பிழையானால்..." அந்த வாக்கியத்தை முடிக்கும் துணிவு அவையில் எவருக்கும் இல்லை. "ஆகவே பிழை நூலில் இல்லை. நாட்டில் இருக்கிறது."

அப்படித்தான் நாட்டுத் திருத்தத் துறை உண்டாயிற்று. நூலும் நாடும் எங்கே மாறுபட்டாலும் நாட்டைத் திருத்த வேண்டும். நூலில் பிழை உண்டு என்பவர் சிறை செல்ல வேண்டும். அமைச்சர் தம் கைப்படவே ஆணை எழுதினார். அரண்மனையிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார்கள். ஏழு பாலங்கள் சரியாக இருந்தன. எட்டாவது அதிகமாக இருந்தது.

பாலத்தை உடைக்க ஆட்கள் வந்த அன்று அக்கரைப்பேட்டை மக்கள் கரையில் நின்று பாட வேண்டியிருந்தது. இரண்டாம் பாடத்தின்படி இந்நாட்டார் விருந்தினரைப் பாடி வரவேற்பர். வேறு ஊரிலிருந்து வருகிற எவரும் விருந்தினர். எனவே மரத்தட்டைப் பலகை பலகையாகப் பெயர்த்தவர்களுக்குக் கல்யாணப் பாட்டுகள் பாடப்பட்டன. சக்கரத்தையும் கல்பெட்டியையும் அவர்கள் தொடவில்லை. ஆணையில் பாலம் என்று மட்டும்தான் இருந்தது. மறுமுனையில் எடை போனதும் கல்பெட்டி தடாலென்று தரையில் இறங்கியது. சிட்டம்மா அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அவளுடைய நாத்தனார் மரகதம் பால் தூக்கோடு பக்கத்தில் வந்து நின்றாள். அக்கரையில் கறக்கும் பாலை இக்கரைச் சந்தையில் விற்றுத்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும். இனி ஏழாவது பாலம் வரை சுற்றிக்கொண்டு வர வேண்டும். அரை நாள் நடை.

"ஏன் அண்ணி, எட்டுன்னு சொல்லாட்டி உங்களுக்குத் தூக்கம் வராதா?"

"இருக்கறதைத்தானே மரகதம் சொன்னேன்."

"இருந்துச்சு. நீங்க சொன்னீங்க. இப்ப இல்ல. போற வழியில பால் தயிராயிடும். அதுக்கும் உங்க வாத்தியார் ஏதாவது பாட்டு வச்சிருக்காரா, கேட்டுச் சொல்லுங்க."

அக்கரைப்பேட்டையில் அதன்பிறகு சிட்டம்மாவோடு யாரும் அதிகம் பேசவில்லை. அந்தப் பாலத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் ஒழிய அந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் தெரியவில்லை.

பாடங்கள் முன்னேறின, நாடு திருத்தப்பட்டுக்கொண்டே வந்தது. இந்நாட்டு மக்கள் மூவேளை உண்பர் என்றது ஆறாம் பாடம். மக்கள் இருவேளை உண்டுகொண்டிருப்பதை ஒரு வகுப்பில் யாரோ ஆசையோடு சுட்டிக்காட்டினார்கள். திருத்தத் துறை உடனே வந்து, இரண்டு வேளைச் சோற்றை மூன்றாகப் பிரித்துச் சாப்பிட மணி அடித்தது. அரசர் எந்நேரமும் அரியணையில் வீற்றிருப்பார் என்றது ஏழாம் பாடம். அவர் வேட்டைக்குப் போனதைப் பார்த்ததாக ஒருவர் சொல்லிவிட, அன்றிலிருந்து அரசருக்குச் சாப்பாடும் தூக்கமும் அரியணையிலேயே என்றாகிவிட்டது. அரசருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இறங்கினால் திரும்பி வரும்போது அது காலியாக இருக்குமா என்ற கவலை அந்தப் பரம்பரைக்கே உண்டு.

ஒன்பதாம் பாடம் வந்தது. சிட்டம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருகிற சொக்கன் கடலை விற்பவன். வாயில் பூட்டுப் போடத் தெரியாதவன். பாலம் போனபிறகு அக்கரைக்காரர்கள் படகில் வர ஆரம்பித்திருந்தார்கள்.

"ஐயா," என்றான் சொக்கன், "படகுல உப்பு மட்டும்தான் ஏத்துவாங்கன்னு புத்தகத்துல இருக்கு. நாங்க ஆளுங்களும் ஏறி வர்றோமே?"

முப்பது பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். சொக்கன் வாயைப் பொத்திக்கொண்டான். அது பொத்தப்பட வேண்டிய நேரம் தாண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து படகில் மனிதர்கள் ஏறக் கூடாது. உப்பு மட்டும் ஏறலாம். ஆகவே ஏறுகிறவர்கள் சாக்குக்குள் கழுத்துவரை இறங்கி, உப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறினார்கள். துறைக் காவலன் ஒவ்வொரு சாக்கையும் பார்த்து, "உப்பா?" என்பான். சாக்கு, "உப்புதாங்க" என்று சொல்லும். மழை பெய்தால் உப்பை ஏற்ற மாட்டார்கள். அந்த ஆண்டு மழை நிறையப் பெய்தது.

"உன்னால பாலம் போச்சு, என்னால படகு போச்சு," என்று சொக்கன் சிட்டம்மாவிடம் சொன்னான். "நம்ம ரெண்டு பேரையும் ஊர்ல ஒரே மாலை போட்டு வரவேற்கப் போறாங்க அக்கா. செருப்பு மாலை."

சிட்டம்மா சிரிக்கவில்லை. பாலத்தை எப்படித் தூக்க முடிந்தது என்பதை யோசித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் இவ்வளவு கனம் என்றால் அந்தப் பக்கமும் அவ்வளவு இருக்க வேண்டும். ஆணை போடுகிறவர்கள் பக்கத்தில் முத்திரை, துறை, சிறை எல்லாம் இருக்கிறது. மறுமுனையில் என்ன தொங்குகிறது?

பதினோராம் பாடம் நடந்த அன்று அமைச்சர் வெண்சாமரனாரே வகுப்பைப் பார்வையிட வந்தார். எல்லோரும் எழுந்து பாடினார்கள். அமைச்சர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அமர்ந்தார். "ஐயம் ஏதும் இருப்பின் அஞ்சாது வினவுங்கள்" என்றார். அப்படிச் சொல்வது வழக்கம்; யாரும் கேட்காமல் இருப்பதும் வழக்கம். சிட்டம்மா எழுந்தாள்.

"ஐயா, புத்தகத்தைப் பாத்து நாட்டைத் திருத்தறீங்க, சரி. திருத்துனது தப்பாப் போச்சுன்னா அதைத் திருப்பித் திருத்த வழி அதே புத்தகத்துல எங்கயாவது போட்டிருக்காங்களா?"

ஆசான் ஆதிமூலம் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். அமைச்சரின் புருவம் ஏறுவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். நல்ல மனிதர், யாரையும் சிறைக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. தெரிந்த ஒரே வழியைப் பிடித்தார்.

"உக்காரும்மா! அதிகப்பிரசங்கி! மொத்த வகுப்புக்கும் சொல்றேன். கடைசிப் பாடத்தை ஆளுக்கு நூறு தடவை எழுதிட்டு வரணும்!"

கடைசிப் பாடம் ஏன்? அது மூன்றே வரி. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததில் அதைவிடச் சின்னப் பாடம் இல்லை. கை வலிக்கக் கூடாதே என்ற இரக்கம்தான். எந்த வகுப்பும் பதினோராம் பாடத்தைத் தாண்டாததால் அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

"நன்று, நன்று!" என்றார் அமைச்சர். "எழுதும் கை வினவாது. ஐம்பது வகுப்புகளுக்கும் இதையே ஆணையாக்குவோம்."

ஆசான் புத்தகத்தைச் சிட்டம்மாவிடம் கொடுத்து, பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடச் சொன்னார். அவள் எழுதினாள். மூன்றாம் வரி முடிந்ததும் சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து படித்தாள்.

"ஓர் ஆணையைப் பிறப்பிப்பவர் முதலில் ஓராண்டு தாமும் தம் குடும்பமும் அதன்படி வாழ்ந்து பார்ப்பார். அதன் பிறகே அது மக்களுக்கு ஆகும். இந்நாட்டில் இதுவே வழக்கம்."

அமைச்சர் அதற்குள் பல்லக்கில் ஏறிவிட்டிருந்தார்.

ஒரு வாரம் நாடு முழுக்க எழுதியது. ஐம்பது வகுப்பு, ஆளுக்கு நூறு தடவை. முதல் பத்துத் தடவை கை எழுதும், இருபதாவது தடவையில் வாய் முணுமுணுக்கும், ஐம்பதாவதில் தலை நிமிர்ந்து, "அட!" என்று சொல்லும். தண்டோரா முறையில் பதினொரு பாடம் நடத்தி வராத புரிதல் ஒரே தண்டனையில் வந்துவிட்டது. எழுதி முடித்த தாள்களை ஆசான்கள் தூக்கிப் போட்டார்கள். சொக்கன் அவற்றை அள்ளிக்கொண்டு போய்க் கடலை மடித்தான். அமைச்சரின் மனைவிக்கு வறுகடலை பிடிக்கும். ஒரு பொட்டலத்தைத் தின்று தீர்த்துவிட்டு, தாளைப் பிரித்துப் படித்துவிட்டு, கணவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இதுல என்னவோ குடும்பம்னு போட்டிருக்கு. நம்ம குடும்பத்தையா சொல்றாங்க?"

அடுத்த வகுப்பு நாளில் ஐம்பது கொட்டகைகளிலும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஐயா, புத்தகத்தில் இப்படி இருக்கிறது. நாடு அப்படி இல்லை. ஐம்பது ஆசான்களும் அதை எழுதி அனுப்பினார்கள். திருத்தத் துறைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்: மாறுபாடு வந்தால் திருத்துவது. நூலில் பிழை என்று சொல்ல அமைச்சர் வாயைத் திறந்தார். அப்படிச் சொல்பவர் சிறை செல்ல வேண்டும் என்பது அவருடைய கையெழுத்திலேயே சுவரில் தொங்கியது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

தாம் போட்ட ஆணைகளின்படி வாழ்ந்து பார்க்க வெண்சாமரனார் குடும்பத்தோடு அக்கரைப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தார். வந்த அன்று பாடினார்கள். மூன்று வேளையும் மணி அடித்தது. இரண்டு வேளைச் சோறு வந்தது. அவைக்குப் போக அவர் துறைக்கு வந்தபோது மரகதம் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குங்க சாமி. கழுத்தை வெளிய வச்சுக்கலாம். மழை வர்ற மாதிரி இருக்கு, கரைஞ்சுடாதீங்க."

"உப்பா?" என்றான் துறைக் காவலன்.

அமைச்சர் பல்லைக் கடித்தார். "உப்பே."

ஒன்பதாவது நாள் மழை பெய்தது. பத்தாவது நாளும் பெய்தது. பதினோராவது நாள், அரண்மனைத் தோட்டத்தில் ஆற்றுக் கால்வாயின்மேல் இருப்பது பாலம் அல்ல, இருபுறமும் இறங்கும் படிக்கட்டு என்று அமைச்சர் கண்டுபிடித்தார். அதுவரை அதையும் சேர்த்துத்தான் ஏழு. இப்போது நாட்டில் ஆறு பாலங்களே உள்ளன, நூலின்படி ஒன்று குறைகிறது, உடனே கட்டுக! அக்கரையின் மரத்தட்டு பலகை பலகையாகத் திரும்பி வந்தது. சிட்டம்மா வடத்தை மாட்டினாள். தரையில் உட்கார்ந்திருந்த கல்பெட்டி மெல்ல எழுந்தது. பலகைகள் புதிதாக நனைந்திருந்ததால் இரண்டு கல் சேர்த்தாள். மரகதம் பால் தூக்கோடு முதல் ஆளாக நடந்துவந்து, "இத்தனை கிலோன்னு என்னைச் சொல்லிடாதீங்க அண்ணி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அது சமாதானம்.

இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் இருபத்து நான்காம் பாடம் இருக்கிறவரை அமைச்சருக்குத் தூக்கம் வராதே. பாலத்தைக் கொடுத்தவர் அந்தப் பாடத்தை எடுக்கவும் வழி தேடினார். யோசித்து யோசித்து, நூலைப் பிழை என்று சொல்லாமலே ஒழிக்க ஒரு வழியைக் கண்டார். ஒரு நாள் பிற்பகல் வகுப்புக்கே வந்தார்.

"அம்மையே," என்று சிட்டம்மாவை அழைத்தார். "இந்நூல் பிழையற்றது. ஆயின் இது நம் நாட்டு நூல்தானா? 'இந்நாடு' என்றே எங்கும் உள்ளது. எந்நாடு என்பது அட்டையில் மட்டுமே இருந்திருக்கும். வேற்று நாட்டு நூல் எனத் தெரிந்துவிட்டால் இருபத்து நான்கு பாடங்களும் நம்மைக் கட்டுப்படுத்தா. உன் பாலமும் மீண்டும் எட்டாவதாகிவிடும். அட்டை அரியணையின் காலடியில் உள்ளது. அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும்."

"ராஜாவை இறங்கச் சொல்லுங்க."

"இறங்கலாகாது. ஏழாம் பாடம். அரியணையோடு அரசரையும் சேர்த்து, அவர் அறியாவண்ணம், மெல்ல உயர்த்த வேண்டும். கனமானவற்றை உயர்த்துவதில் நீயே வல்லவள் என்கிறார்கள். இயலுமா?"

சிட்டம்மாவுக்கு வேலை என்று வந்துவிட்டால் மற்றது மறந்துபோகும். விரலால் காற்றில் கோடு போட்டுக் காட்டினாள்.

"முடியும்ங்க. மேல ஒரு உத்தரம், ஒரு சக்கரம், ஒரு வடம். இந்த முனையில ராஜாவும் நாற்காலியும். அந்த முனையில ஒரு பலகை. கல்லெல்லாம் வேணாம், அரண்மனைக்குள்ள கல்லு தூக்கிட்டுப் போனா சத்தம் கேக்கும். ஆளுங்க ஏறி நின்னாப் போதும். கருங்கல் நாற்காலி ஒரு ஆயிரத்து எண்ணூறு கிலோ இருக்கும். ராஜா உக்காந்தே இருக்கறதால நூத்திப்பத்து வந்திருப்பாரு." அவள் திரும்பி வகுப்பை ஒருமுறை கண்ணால் அளந்தாள். "நம்ம வகுப்பே போதுங்க. இவங்க எல்லாரும் ஒரே நேரத்துல, ஒரே பக்கமா ஏறி நிக்கணும். அவ்வளவுதான். நான் ஒத்தைக் கையால தூக்கிடுவேன்."

அமைச்சரின் சாய்ந்த தலை மெல்ல நிமிர்ந்தது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் அந்த முப்பத்தொரு பேரையும் நேராகப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேண்டாம்," என்றார் அமைச்சர். "அட்டை அங்கேயே இருக்கட்டும். பாடமும் இருக்கட்டும். பாலமும் இருக்கட்டும். இதைப் பற்றி நாம் பேசவே இல்லை." பல்லக்கைக்கூட மறந்துவிட்டு வேகமாக நடந்து போனார்.

ஆசான் ஆதிமூலம் தொண்டையைச் செருமிக்கொண்டு வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.

"சொக்கன்."

வழக்கமாக, உள்ளேன் ஐயா என்பான். இன்று எழுந்து நின்றான். "அறுபத்திரண்டு கிலோ, ஐயா."

ஆசான் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, பெயருக்கு நேரே அறுபத்திரண்டு என்று எழுதினார்.

"சிட்டம்மா."

"அம்பத்தெட்டு, ஐயா."

அடுத்தவர் ஐம்பத்தாறு. அதற்கடுத்தவர் எழுபது. ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். முப்பத்தொரு பெயரும் முடிந்தபோது ஆசான் பதிவேட்டை மூடவில்லை. கடைசிப் பெயருக்குக் கீழே, முப்பத்திரண்டாவதாக ஒரு பெயரைத் தாமே எழுதி, தண்டோரா போடும் குரலில் படித்தார்.

"ஆதிமூலம். எழுபத்தொன்று."